சிறுநீர் வழியே வந்த பகை

பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் 1951 முதல் 1953 வரை டேவிட் ஹியூம் என்ற இளம் அறுவை மருத்துவர் ஒன்பது பேருக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்தார். அநேகமாக எல்லோருக்கும் அவர் தேர்ந்தெடுத்த இடம் தொடை. தொடையின் பெரிய ரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன. தைப்பது சுலபம், சிறுநீரகம் கெட்டுப்போனால் வெளியே எடுப்பதும் சுலபம். சிறுநீரகத்திலிருந்து கீழே இறங்கும் சிறுநீர் நாளத்தின் நுனியை மட்டும் என்ன செய்வது? தோலில் ஒரு துளை போட்டு அதை வெளியே விட்டார். சிறுநீர் அந்தத் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

ஒருவருக்கு அந்தத் தொடைச் சிறுநீரகம் ஐந்து மாதங்களுக்கு மேல் வேலை செய்தது. அவரும் ஒரு மருத்துவர்தான். உடல் ஒவ்வாத உறுப்பைத் தள்ளிவிடுவதைத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லாத காலத்தில் அது பெரிய வியப்பு. ஆனால் தோலில் திறந்து கிடக்கும் சிறுநீர் வழி என்பது, வெளியே போகும் நீருக்கு மட்டுமான வழியாக ஒருபோதும் இருந்ததில்லை. அதே பாதையில் கிருமி உள்ளே ஏறிவிடும்.

சிறுநீரக மாற்றின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை உடலின் மறுப்புக்கும் மருந்துக்கும் நடந்த போராகவே எழுதுகிறார்கள். நோபல் பரிசுகளும் அந்தப் போருக்கே போயின. அந்தக் கதை உண்மைதான், ஆனால் பாதிதான். மறுபாதி சில அங்குல நீளமுள்ள ஒரு குழாயிலும், ஆய்வுக்கூடத்துக்குப் போகும் ஒரு சிறு குப்பி சிறுநீரிலும் இருக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு இன்றும் அடிக்கடி வரும் பாக்டீரியத் தொற்று சிறுநீர்ப் பாதையில் வருவதுதான். அதைக் கையாளக் கற்றுக்கொண்ட வரலாற்றின் முக்கியமான பல அத்தியாயங்கள் அதே பாஸ்டன் நகரில் எழுதப்பட்டவை.

சிறுநீரகத்துக்குத் தொடைக்குப் பதிலாக வயிற்றில் இடம் கண்டவர்கள் பாரிஸ் மருத்துவர்கள். 1951இல் ரெனே க்யூஸும் அவர் சமகாலத்தவர்களும், கில்லட்டினில் தலை வெட்டப்பட்ட கைதிகளின் சிறுநீரகங்களை எடுத்து நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். கேட்கவே மனம் கூசும் தொடக்கம் அது. அந்தச் சிறுநீரகங்கள் நிலைக்கவில்லை; ஆனால் க்யூஸ் தேர்ந்த இடம் நிலைத்தது. இடுப்பெலும்பின் உட்குழியில், குடலைச் சுற்றியுள்ள சவ்வைத் திறக்காமல் அதற்கு வெளியே சிறுநீரகத்தை வைத்தார். இடுப்பின் ரத்தக் குழாய்கள் கைக்கெட்டும் தொலைவில், சிறுநீர்ப்பையோ பக்கத்திலேயே. நாளத்தைத் தோலுக்கு இழுக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. இன்றும் உலகெங்கும் மாற்றுச் சிறுநீரகம் அமர்வது அடிவயிற்றின் அந்த மூலையில்தான்.

1954 டிசம்பர் 23 அன்று பிரிகாமில் ஜோசப் மர்ரே அந்த இடத்தையே எடுத்துக்கொண்டார். ரிச்சர்ட் ஹெரிக், ரொனால்ட் ஹெரிக் இருவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்கள். அதை உறுதிசெய்யக் கைரேகைகூடப் பதிந்து பார்த்தார்கள். ஒரே மரபணு என்பதால் ரொனால்டின் சிறுநீரகத்தை ரிச்சர்டின் உடல் அந்நியமாகப் பார்க்கவில்லை. மர்ரே சிறுநீர் நாளத்தைச் சிறுநீர்ப்பையிலேயே பொருத்தினார். ரிச்சர்ட் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். தன்னைக் கவனித்துக்கொண்ட செவிலியரையே மணந்தார், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தந்தையானார். 1963இல் அவர் இறந்தது, பழைய சிறுநீரக நோய் புதிய சிறுநீரகத்துக்கும் வந்ததால்.

இங்கே அந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிறவியிலேயே நமக்குள்ள சிறுநீர் நாளம் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். அதற்கு வழிநெடுகப் பல தமனிகளிலிருந்து ரத்தம் கிடைக்கிறது. சிறுநீர்ப்பைக்குள் அது நேராக நுழைவதில்லை; பையின் சுவருக்குள் சாய்வாகச் சிறிது தூரம் ஓடிப் பிறகே திறக்கிறது. பை நிரம்பும்போது சுவரே அந்தப் பகுதியை அழுத்தி மூடிவிடும். அதனால் சிறுநீர் மேலே திரும்பி ஏறுவதில்லை. பையில் கிருமி இருந்தாலும் அது சிறுநீரகத்தை எளிதில் எட்டுவதில்லை.

தானமாக எடுத்த சிறுநீரகத்தின் நாளத்துக்கோ ஒரே ஊட்டம்: சிறுநீரகத் தமனியிலிருந்து இறங்கும் மெல்லிய கிளைகள். நுனிப்பகுதி ரத்தம் போதாமல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. ஆகவே நாளத்தைக் குட்டையாக வெட்ட வேண்டும். சாய்வுப் பாதையை அறுவை மருத்துவரே தைத்து உருவாக்க வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் சிறுநீர் பின்னோக்கி ஏறும், கூடவே கிருமியும் ஏறும். பெறுபவரின் சிறுநீர்ப்பையோ பல ஆண்டுகள் டயாலிசிஸில் வேலையில்லாமல் சுருங்கிப் போயிருக்கலாம். அவர் பெண்ணாகவோ நீரிழிவு உள்ளவராகவோ இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எடுத்து வைத்த சிறுநீரகத்தின் நரம்புகள் அறுபட்டவை. சாதாரணமாகச் சிறுநீரகத்தில் தொற்று ஏறினால் முதுகின் பக்கவாட்டில் குத்திப் பிடுங்கும் வலி வரும். மாற்றுச் சிறுநீரகத்தில் அந்த வலி எழுவதில்லை. ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சலும் அடங்கியே தெரியும். நோய் தன்னை அறிவிக்காமலே முற்றிவிடலாம். அப்படியானால் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

மர்ரே ஹெரிக் சகோதரர்களுக்கு அறுவை செய்த அதே ஆண்டுகளில், பாஸ்டன் நகர மருத்துவமனையில் எட்வர்ட் காஸ் என்பவர் சிறுநீரில் கிருமிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அதுவரை சுத்தமான சிறுநீர் மாதிரி வேண்டுமென்றால் கதீட்டர் குழாய் போட்டு எடுப்பதே வழக்கம். அந்தக் குழாயே சில நேரம் கிருமியை உள்ளே கொண்டுபோனது. சும்மா பிடித்துத் தரும் சிறுநீரிலோ தோலிலிருந்து சில கிருமிகள் எப்படியும் விழுந்துவிடும். உண்மையான தொற்றையும் வெறும் கலப்பையும் எப்படிப் பிரிப்பது? எண்ணிக்கையால் பிரிக்கலாம் என்று காஸ் காட்டினார். ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் பாக்டீரியா அல்லது அதற்கு மேல் இருந்தால் அது தொற்று. வெறும் கலப்பில் எண்ணிக்கை அவ்வளவு உயராது. 1956இல் வெளிவந்த இந்த அளவுகோல் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் ஊர் லேப்களிலிருந்து வரும் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒரு லட்சம் காலனி என்ற எண் இருந்தால், அது காஸ் போட்ட கோடு.

காஸ் இன்னொன்றையும் கண்டார். எரிச்சலோ நீர்க்கடுப்போ எதுவும் இல்லாமல் நலமாக நடமாடுகிறவர்கள் சிலரின் சிறுநீரிலும் லட்சக்கணக்கில் கிருமி இருந்தது. கர்ப்பிணிகளில் அத்தகையவர்களை மருந்தின்றி விட்டால், கணிசமானோருக்குச் சிறுநீரகத் தொற்று வந்தது. மருந்து கொடுத்தால் பெரும்பாலும் வரவில்லை. அறிகுறி இல்லாவிட்டாலும் கிருமியைத் தேடிப் பிடித்து ஒழிக்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு அங்கேதான் வேர். கர்ப்பிணிகள் விஷயத்தில் அந்த வழக்கம் சரி. மாற்றுச் சிறுநீரகக்காரர்களிடம் அதை அப்படியே பெயர்த்து நட்டது சரியா என்று கேட்க மருத்துவத்துக்கு இன்னும் அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் அல்லாதவர்களுக்கு மாற்று செய்ய பிரிகாம் முதலில் கதிர்வீச்சை நாடியது. உடல் முழுவதையும் கதிர்வீச்சுக்கு ஆட்படுத்தி எதிர்ப்பாற்றலை அடக்கினார்கள். கிருமி அண்டாமலிருக்க அறுவை அரங்கிலேயே நோயாளியை வைத்துப் பராமரித்ததும் உண்டு. அப்படிச் சிகிச்சை பெற்ற 12 பேரில் 11 பேர் பிழைக்கவில்லை. எதிர்ப்பாற்றலே இல்லாத உடலைத் தொற்று எவ்வளவு விரைவாக வீழ்த்தும் என்பதை அந்த மரணங்கள் காட்டின.

திருப்பம் நியூயார்க்கை அடுத்த டக்கஹோ என்ற சிற்றூரிலிருந்து வந்தது. அங்கே பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும், செல்கள் தங்கள் டி.என்.ஏ.வைக் கட்டப் பயன்படுத்தும் மூலப்பொருள்களைப் போலவே தோற்றமளிக்கும் போலி மூலக்கூறுகளை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். வேகமாகப் பெருகும் செல் அந்தப் போலியை எடுத்துக்கொண்டால் அதன் பெருக்கம் நின்றுவிடும். 1960இல் இங்கிலாந்திலிருந்து பிரிகாமுக்கு ஆய்வு செய்ய வந்த ராய் கான், வழியில் டக்கஹோவில் இறங்கி அவர்களிடமிருந்து சில சேர்மங்களை வாங்கிப் போனார். அவற்றில் ஒன்று அசதயோப்ரின். 1962 ஏப்ரலில், அந்த மருந்தின் துணையோடு இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை மர்ரே ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அது ஓராண்டுக்கு மேல் இயங்கியது. டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் அதனுடன் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்து இன்னும் நல்ல பலன் கண்டார். சிறுநீரக மாற்று ஒரு சோதனை என்ற நிலையிலிருந்து சிகிச்சை என்ற நிலைக்கு வந்தது அப்போதுதான்.

விலையும் கூடவே வந்தது. ஸ்டீராய்டு புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். நாளமும் பையும் இணைந்த இடம் ஆறாமல் கசிந்தால், சிறுநீர் அடிவயிற்றுத் திசுக்களுக்குள் தேங்கிச் சீழ் பிடிக்கும். எதிர்த்துப் போராட உடலுக்கு வலு இருக்காது. அந்த ஆண்டுகளில் மாற்று அறுவையின் மிகக் கொடிய சிக்கல்களில் ஒன்றாகச் சிறுநீர்க் கசிவு இருந்தது. கசிவைத் தவிர்க்கப் பையைக் காலியாக வைக்க வேண்டும், அதற்குக் கதீட்டர் நாள்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும். கதீட்டர் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு ஒரு வாய்ப்பு. கசிவுக்கு அஞ்சினால் தொற்று, தொற்றுக்கு அஞ்சினால் கசிவு.

இதிலிருந்து வெளியே வர வழி செய்தவர்களில் இருவர் மாற்று அறுவையோடு தொடர்பே இல்லாதவர்கள். 1961இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ராபர்ட் லிச்சும், 1964இல் பெல்ஜியத்தில் வில்லி கிரெகுவாரும், சிறுநீர் பின்னேறும் நோய்க்காக ஒரு தையல் முறையை வகுத்தார்கள். சிறுநீர்ப்பையை அகலத் திறக்காமல், வெளியிலிருந்தே அதன் தசையைக் கீறி, நாளத்தை அந்தப் பள்ளத்தில் கிடத்தித் தசையை மேலே மூடித் தைப்பது. குட்டையான நாளத்துக்கும் இது பொருந்தியது. மாற்று அறுவை மருத்துவர்கள் இதைச் சுவீகரித்துக்கொண்டார்கள். லிச்-கிரெகுவார் முறை இன்று உலகெங்கும் பரவலாகக் கையாளப்படுகிறது.

பகை பாக்டீரியாவாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. 1971இல் லண்டனில் சில்வியா கார்ட்னர் என்ற வைரஸ் ஆய்வாளர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றுச் சில மாதங்களே ஆன சூடானிய நோயாளி ஒருவரின் சிறுநீரை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். அவருடைய நாளம் அடைத்திருந்தது. சிறுநீரில் அதுவரை யாரும் கண்டிராத வைரஸ். நோயாளியின் பெயர்ச் சுருக்கத்தையே அதற்கு வைத்தார்கள்: பி.கே. வைரஸ். நம்மில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே அதைப் பெற்றுக்கொண்டு, அறியாமலே வாழ்நாள் முழுவதும் சிறுநீர்ப் பாதையில் சுமக்கிறோம். எதிர்ப்பாற்றல் அடங்கினால்தான் அது எழுகிறது. 1990களில் இன்னும் வலுவான மருந்துகள் வந்தபோது, சிறுநீரகத்தையே அழிக்கும் நோயாக அது தலையெடுத்தது. அதற்கென்று உறுதியான மருந்து இன்றும் இல்லை. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைப்பதே முதல் சிகிச்சை.

அதே 1971இல்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், உயிருடன் உள்ளவர் தந்த சிறுநீரகத்தைக் கொண்டு இந்தியாவின் முதல் வெற்றிகரமான மாற்று நடந்தது. 1960களில் மும்பையிலும் வாரணாசியிலும் முயற்சிகள் நடந்திருந்தாலும் அவை நிலைக்கவில்லை. நிறுவப்பட்ட ஒரு திட்டமாக அது வளர்ந்தது வேலூரில். அங்குள்ள மருத்துவர்கள் மேற்கத்திய நூல்கள் அதிகம் பேசாத ஒரு பகையையும் சந்தித்தார்கள்: காசநோய். வேலூரில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களில் பத்தில் ஒருவருக்கும் கூடுதலானோருக்குக் காசநோய் வந்ததை அவர்களே ஆராய்ந்து வெளியிட்டார்கள். அது சிறுநீர்ப் பாதைக்கு வந்தால், சிறுநீரில் சீழணுக்கள் ஏராளமாக இருக்கும், வழக்கமான கல்ச்சரில் எதுவும் வளராது. காஸின் ஒரு லட்சம் அங்கே உதவாது. தனியாகத் தேடினால்தான் காசநோய்க் கிருமி அகப்படும்.

பாக்டீரியாவுக்கான விடை வந்த இடம் இந்த வரலாற்றிலேயே மனத்தை அதிகம் தொடுவது. மறுப்பை அடக்கும் அசதயோப்ரின் பிறந்த ஹிட்சிங்ஸின் ஆய்வுக்கூடத்திலேயே டிரைமெத்தோப்ரிம் என்ற மருந்தும் பிறந்தது. பாக்டீரியா தனக்கு வேண்டிய ஃபோலேட்டை உருவாக்கும் பாதையில் ஒரு படியை அது அடைக்கிறது. சல்ஃபா மருந்து அதே பாதையின் முந்தைய படியை அடைக்கும். இரண்டையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்தபோது, 1968இல் கோட்ரைமாக்சசோல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. இந்திய மருந்துக் கடைகளில் செப்ட்ரான், பாக்ட்ரிம் என்று கேட்டு வாங்குவது அதைத்தான். உறுப்பு தங்குவதற்காக உடலின் காவலைத் தளர்த்திய மருந்தும், தளர்ந்த காவலைத் தாண்டி வரும் கிருமியைத் தடுத்த மருந்தும் ஒரே கூரையின் கீழ் உருவாயின. 1988இல் ஹிட்சிங்ஸும் எலியனும் ஜேம்ஸ் பிளாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்த மாத்திரையை மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்கு வருமுன் காக்கும் மருந்தாகக் கொடுத்துப் பார்த்ததும் பாஸ்டன்தான். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ராபர்ட் ரூபினும் நீனா டோல்காஃப்-ரூபினும், மாற்று அறுவைக்குப் பின் எந்தத் தொற்று எந்த மாதத்தில் வருகிறது என்பதை ஒரு கால அட்டவணையாகவே 1981இல் வகுத்தார்கள். முதல் மாதத்தில் புண், குழாய் சார்ந்த தொற்றுகள்; அடுத்து ஆறாம் மாதம் வரை எதிர்ப்பாற்றல் குன்றியதால் எழும் வைரஸ்கள்; பிறகு ஊரில் எல்லோருக்கும் வருபவை. மறு ஆண்டே, கோட்ரைமாக்சசோல் சிறுநீர்த் தொற்றைக் குறைக்கிறது என்று கட்டுப்பாட்டுச் சோதனையில் நிறுவினார்கள். அதே மாத்திரை நியூமோசிஸ்டிஸ் என்ற கொடிய நுரையீரல் தொற்றையும் தடுக்கிறது. 2009இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டு நெறி, சிறுநீர்த் தொற்றுக்கெதிராக அதைக் குறைந்தது ஆறு மாதம் தினமும் தரச் சொன்னது.

1978 வாக்கில், இரு முனையும் சுருண்ட ஸ்டென்ட் என்ற மென்குழாய் சிறுநீரகவியலுக்கு வந்தது. நாளத்துக்குள் அதைச் செருகி வைத்தால் தையல் ஆறும்வரை கசிவும் அடைப்பும் குறைகின்றன. ஆனால் உள்ளே கிடக்கும் பிளாஸ்டிக்கின் மேல் பாக்டீரியா படலமாகப் படிந்துகொள்ளும், தொற்று கூடியது. கோட்ரைமாக்சசோல் எடுப்பவர்களிடம் அந்தக் கூடுதல் பெரும்பாலும் தெரியவில்லை என்பது பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. 2017இல் வெளியான பிரிட்டிஷ் சோதனை ஒன்று, ஆறு வாரம் வைத்திருப்பதைவிட ஐந்தாம் நாளிலேயே ஸ்டென்டை எடுத்தவர்களுக்குத் தொற்று வெகுவாகக் குறைவு என்று கண்டது.

இதற்குள் கிருமிகளும் மாறிவிட்டன. 2008 ஜனவரியில், இந்தியாவில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் கிளெப்சியெல்லா பாக்டீரியா கிடைத்தது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபீனம் மருந்துகளையே அது செயலிழக்கச் செய்தது. அதன் நொதிக்கு என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள். அதிலுள்ள என்.டி. நியூ டெல்லியைக் குறித்தது அரசியல் சர்ச்சையானது. 2010இல் அந்த நொதி எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அவர் ஆராய்ந்தவற்றில் சென்னை மாதிரிகளும் இருந்தன. சர்ச்சையின் கூச்சலில் பலரும் கவனிக்காமல் விட்டது, முதல் தடயம் ஒரு சிறுநீர்க் குப்பியில் கிடைத்தது என்பதை. 2012இல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த ஒரு செயல்திட்டத்தை வகுத்தன; அது சென்னைப் பிரகடனம் எனப்பட்டது. அடுத்த ஆண்டு மத்திய அரசு எச்-1 அட்டவணையைக் கொண்டுவந்து, சில வலுவான மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்பதற்குக் கடிவாளம் போட்டது.

மருந்துக்கு அடங்காத கிருமி பரவிய பிறகே, காஸ் காலத்திலிருந்து வந்த வழக்கத்தை மருத்துவர்கள் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். மாற்றுச் சிறுநீரகக்காரர் ஒவ்வொரு முறை வரும்போதும் கல்ச்சர், கிருமி தெரிந்தால் அறிகுறி இல்லாவிட்டாலும் ஆன்டிபயாடிக். நல்ல நோக்கத்தோடு ஆண்டுக்கணக்கில் நடந்தது. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் 199 பேரை வைத்து நடந்த சோதனை 2021இல் வெளியானது. அறிகுறியற்ற கிருமிக்கு மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பின்னர் வந்த தொற்று ஏறத்தாழ ஒரே அளவு. மருந்து பெற்றவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது, மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான். மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் நடந்த முந்தைய சோதனைகளிலும் பயன் தெரியவில்லை.

அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2019 வழிகாட்டு நெறியிலேயே, மாற்று அறுவை முடிந்து ஒரு மாதம் கடந்தவர்களிடம் அறிகுறியற்ற கிருமியைத் தேடவும் வேண்டாம், மருந்து தரவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கதீட்டரும் ஸ்டென்டும் உள்ளே இருக்கும், எதிர்ப்பாற்றல் மிகத் தாழ்ந்திருக்கும் அந்த முதல் மாதத்துக்கு மட்டும், ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்று விட்டுவைத்தது. 2021 சோதனையும் இரண்டு மாதம் கடந்தவர்களையே சேர்த்துக்கொண்டது. ஆகவே மாற்று முடிந்து மூன்றாம் வாரத்தில் நலமாக இருப்பவரின் கல்ச்சரில் ஒரு லட்சம் காலனி வந்தால், மருந்து எழுதுவதா காத்திருப்பதா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் இன்றும் முடிவு செய்கிறார்.